மணக்குடி விமானத்தின் மூச்சுக் குழாய்

கொல்லம் 1109-ம் ஆண்டு மீனம் மாதம் 23-ம் தேதி பகல் பதினொன்றரை மணிக்கு, நாகர்கோவில் மாஜிஸ்திரேட் கச்சேரியில், சத்தியராஜ் என்பவர் யாரும் அழைக்காமல் தாமாக ஆஜராகி, சத்தியம் செய்து, சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் சத்தியராஜ். தகப்பனார் ஆபேல், காலமாகிவிட்டார். வயது 31. புரோட்டஸ்டன்ட் கிறிஸ்தவன். நாகர்கோவில் மீனாட்சிபுரத்தில் மனைவி ராஜபாயுடன் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் பாரம் வரை படித்தவனாகையால் இங்கிலீஷ் பேசவும் வாசிக்கவும் தெரியும். பதினொரு வருஷமாக மோட்டார் ஒர்க்ஷாப்பில் மேஸ்திரியாக இருக்கிறேன். பஸ், கார் எஞ்சின்களைப் பிரித்து மாட்டுவது என் தொழில். சென்ற கும்ப மாதத்துக்கு முன்பு ஆகாய விமானத்தின் எஞ்சினை நான் கண்ணால் கண்டதில்லை.

மணக்குடிக் கடலில் விமானம் விழுந்த காரியமாக மீனம் 2-ம் தேதி போலீசில் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் சொன்னவை நடந்தவைதான். ஆனால் நடந்தது முழுவதையும் அதில் சொல்லவில்லை. ஒரு வார்த்தையை மறைத்தேன். ஒரு பொருளையும் மறைத்தேன். அந்தப் பொருளை இன்று ஒரு தகர டப்பாவில் கொண்டுவந்து இந்த மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

கும்பம் 18-ம் தேதி காலையில், மணக்குடி உப்பளத்துக்குக் கிழக்கே உள்ள பொட்டலில் இரட்டை இறக்கையுள்ள ஒரு சிறு விமானம் வந்து இறங்கியது. ஊர் ஊராகப் போய் ஜனங்களை ஏற்றி வானத்தில் சுற்றிக் காட்டும் விமானம் அது. அதை ஓட்டி வந்தவர் மொந்தேரோ என்ற பம்பாய்க்காரர், வயது நாற்பதுக்குள் இருக்கும். மதுரையிலிருந்து வரும் வழியில் எஞ்சினில் எண்ணெய் மிகவும் குறைந்துவிட்டதென்றும், ஊரில் தேர்ந்த மேஸ்திரி யாராவது உண்டா என்றும் அவர் விசாரித்ததில் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். என் முதலாளி என்னைப் போகச் சொன்னார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிப் போனேன்.

நாலு சிலிண்டர் எஞ்சின், தண்ணீர் கிடையாது, காற்றிலேயே குளிர்வது. எண்ணெய் அடியில் ஒரு பெட்டியில் நிற்கும். ஒரு கம்பியை உள்ளே விட்டு எடுத்து எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்து அளவு தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமாக ஒரு மணி நேரம் பறந்தால் ஒரு விரல் அளவு குறையும் என்றும், இப்போது மூன்று விரல் குறைகிறது என்றும் மொந்தேரோ சொன்னார். விமானத்தின் வயிறு முழுவதும் எண்ணெய் படிந்து, வழித் தூசி அதில் ஒட்டி, எருமைத் தோல்போல இருந்தது. எல்லா இடமும் நனைந்திருந்தால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அன்று முழுவதும் மண்ணெண்ணெயால் எஞ்சினைக் கழுவித் துடைத்தேன்.

அந்தப் பொட்டலில் விமானத்துக்குக் காவலாக மணக்குடி மீன்பிடிக்காரர் சிலுவைதாசன் என்பவரை மொந்தேரோ வைத்திருந்தார். அவருக்கு வயது நாற்பத்திரண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். சொந்தமாகக் கட்டுமரமும் ஒரு பலகை வள்ளமும் வைத்திருந்தவர். அவரை நான் சிலுவையண்ணன் என்று கூப்பிட்டேன். நான் துடைக்கத் துடைக்க அவர் கந்தையைப் பிழிந்து கொடுத்தார். அப்படிச் செய்யும்படி அவரை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அரிசிமாவு வேண்டும் என்று நான் சொன்னபோது அவர் சிரித்தார். "ஓய் மேஸ்திரி, எஞ்சினுக்கு அப்பம் சுட்டுக் குடுக்கப் போறீரா?" என்று கேட்டார். மாவை எஞ்சின்மேல் தூவி, சக்கரத்துக்குக் கல் வைத்து, வாலைக் கயிற்றால் முளையில் கட்டி, இருபது நிமிஷம் ஓட்டினால், எண்ணெய் வரும் இடத்தில் மாவு கறுக்கும் என்று அவருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் வீட்டுக்குப் போய் ஒரு சிரட்டை நிறைய மாவு வாங்கி வந்தார். அதன் பிறகு நான் சொன்னபடியே ஓட்டி நிறுத்திப் பார்த்ததில், இரண்டாம் சிலிண்டரின் தலைமூடி ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு இறங்கியிருந்தது. அந்த மூடியைக் கழற்றி, உள்ளிருந்த பழைய தக்கைத் தகட்டை எடுத்துவிட்டு, புதிதாக வெட்டிப் போட்டேன். காரியம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

20-ம் தேதி மொந்தேரோ தனியாக அரை மணி நேரம் பறந்து இறங்கினார். நான் கம்பியை விட்டுப் பார்த்தேன். ஒரு விரலுக்கு மேல் குறைந்திருந்தது. கண்டுபிடித்த ஒழுக்கு சிறியது, கண்டுபிடிக்காதது பெரியது என்று அப்போது தெரிந்தது. அதன் பிறகு நான் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். மூன்று உலர்ந்திருந்தன, மூன்றாம் சிலிண்டரின் பிளக் மட்டும் எண்ணெயில் நனைந்திருந்தது. காற்றாடியைக் கையால் மெல்லச் சுற்றினால் மூன்றாம் சிலிண்டர் வரும்போது எதிர்ப்பு இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்துவிட்டது என்று நிச்சயப்படுத்தினேன்.

ரிங் தேய்ந்தால் இரண்டு வழியில் எண்ணெய் போகும். ஒரு பங்கு மேலே ஏறி எரிந்துவிடும். மேலேயிருந்து நெருப்புக் காற்று ரிங்கைத் தாண்டி எஞ்சினின் அடிப்பெட்டிக்குள் இறங்கும், அது அங்கே நிற்க முடியாமல் மூச்சுக் குழாய் வழியே எண்ணெயையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். இந்த மூச்சுக் குழாய் என்பது அடிப்பெட்டியிலிருந்து கீழ்ப்பக்கம் வளைந்து இறங்கும், பெருவிரல் பருமனுள்ள ஒரு பித்தளைக் குழாய். அதற்கு மூடி கிடையாது. எப்போதும் திறந்துதான் இருக்க வேண்டும். அது அடைபட்டால் உள்ளே காற்று பெருகி, எண்ணெயை எங்கே பலவீனம் உண்டோ அங்கே பிய்த்துக்கொண்டு தள்ளும். இது எனக்கு அன்றும் தெரியும். பஸ் எஞ்சினுக்கும் இதே ஏற்பாடுதான்.

அதைச் சோதிக்க 21-ம் தேதி அந்தக் குழாயின் முனையில் ஒரு தகரக் குவளையைக் கம்பியால் தொங்கவிட்டு, அரை மணி எஞ்சினை ஓட்டினேன். அதன் பிறகு குவளையில் சேர்ந்த எண்ணெயை ஒரு மருந்துக் குப்பியில் ஊற்றி அளந்துகொண்டிருந்தேன். சிலுவைதாசன் எஞ்சினுக்குக் கீழே குனிந்து அந்தக் குழாயைப் பார்த்தபடி நின்றார். குழாயிலிருந்து அப்போதும் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் என்னிடம், "மேஸ்திரி, இந்த ஓட்டையில இருந்துல்லா இம்புட்டும் ஒழுகுது. இத அடைச்சா தீந்துதா?" என்று கேட்டார்.

நான் குப்பியின் கோட்டைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது காதில் விழுந்தது. நான் "ம்" என்றேன்.

(இந்த இடத்தில் எழுத்தர் "ஆம்" என்று எழுதியதை, அப்படிச் சொல்லவில்லை என்று சாட்சி சொன்னதன்பேரில் திருத்தப்பட்டது.)

அது சம்மதம் சொன்னதல்ல. அவர் வாயை அடைக்கச் சொன்னது. எண்ணிக்கை தவறிவிடக் கூடாதே என்று சொன்னது. இரண்டு நிமிஷம் கழித்து நான் குப்பியைக் கீழே வைத்துவிட்டு, அவர் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கலாம். நான் அதை மறந்துபோனேன்.

அன்று மாலை மொந்தேரோவிடம் கணக்கை ஒப்பித்தேன். புது ரிங் பம்பாயிலிருந்து வர வேண்டும், அதுவரை ஒவ்வொரு முறையும் எண்ணெய் நிரப்பிக்கொண்டு, பதினைந்து நிமிஷத்துக்கு மேல் பறக்காமல் இருந்தால் ஆபத்து இல்லை என்றேன். அவர் உடனே தந்தி கொடுத்தார். நான் சொன்ன நிபந்தனையை அவர் ஒருநாளும் மீறவில்லை. 22, 23 ஆகிய இரண்டு நாளும் ஜனங்கள் ஏறிப் பறந்தார்கள். ஒவ்வொரு முறையும் இறங்கியவுடன் நான் கம்பியை விட்டுப் பார்த்தேன். கணக்குப்படியே குறைந்தது. மூச்சுக் குழாயிலிருந்து சொட்டி, விமானம் நிற்கும் இடத்தில் மணலில் ஒரு தட்டளவு கறை இருந்தது.

23-ம் தேதி மாலையில் மொந்தேரோ, காவல் காத்ததற்கு வெகுமதியாக என்ன வேண்டும் என்று சிலுவைதாசனிடம் கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். ஒருமுறை கடலுக்கு மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்றார். மணக்குடிக்கு நேர் தெற்கே, கடலுக்கு அடியில் மீன் அடையும் பாறைத் திட்டு ஒன்று உண்டு. அதை மீன்பிடிக்காரர்கள் "பார்" என்பார்கள். கரையில் தெரியும் மலை முனையையும் கோயில் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துத்தான் கட்டுமரக்காரர்கள் அதைக் கண்டுபிடிப்பது. "எங்க அப்பனும் நானும் வெறும் கணக்க வச்சுல்லா அதும்மேல தூண்டில் போட்டோம். மேல போனா தண்ணிக்குள்ள கறுப்பா தெரியுமாம். ஒரு மட்டம் கண்ணால கண்டாப் போதும்" என்று சொன்னார். மொந்தேரோ சிரித்து, நாளைக் காலையில் முதல் பறப்பே அவருக்குத்தான் என்றார். அதிக தூரம் கடலுக்குள் போக வேண்டாம் என்று நான் சொன்னேன். பதினைந்து நிமிஷத்துக்குள் திரும்பிவிடுவதாக அவர் சொன்னார்.

24-ம் தேதி காலை எட்டரை மணிக்கு நான் போனபோது சிலுவைதாசன் வெள்ளை வேட்டியும் கோயிலுக்குப் போடுகிற சட்டையும் போட்டுக்கொண்டு நின்றார். நான் எண்ணெய் நிரப்பினேன். கம்பியை விட்டுப் பார்த்தேன், நிறைந்திருந்தது. அதன் பிறகு எஞ்சினுக்குக் கீழே மணலைப் பார்த்தேன். முந்தின நாள் கறையை யாரோ மண்போட்டு மூடியிருந்தார்கள். புது மணலில் ஒரு சொட்டுக்கூட இல்லை. ரிங் எப்படியோ சற்றுப் படிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன். குனிந்து குழாயைப் பார்க்கவில்லை.

சிலுவைதாசன் முன் இருக்கையில் ஏறினார். நான்தான் அவருக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டேன். எப்படிக் கழற்றுவது என்று ஒருமுறை காட்டினேன். அவர் கரையில் நின்றவர்களைப் பார்த்து, "கடல்ல கெடந்தவன கெட்டிப் போட்டுல்லா கூட்டிட்டுப் போறாவ" என்று சத்தமாகச் சொன்னார். அவர் மனைவி சூசம்மாள் வேலியோரத்தில் நின்று சிரித்தாள். அதன் பிறகு அவர் என்னைப் பார்த்து, "மேஸ்திரி, ஒழுக்கு நிண்ணுச்சுல்லா?" என்று கேட்டார். நான் மணலில் கறை இல்லாததை நினைத்து, "நிண்ணுச்சு அண்ணே, போயிட்டு வாரும்" என்றேன். அவர் முகம் மலர்ந்ததை நான் அப்போது வேறுவிதமாக எடுத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு விமானம் ஏறியது. கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தெற்கே கடல்மேல் போயிற்று. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோராவது நிமிஷத்தில் விமானம் கரையை நோக்கித் திரும்புவது தெரிந்தது. அதன் முன்புறத்திலிருந்து வெள்ளையாகப் புகை போன்ற ஒன்று பின்னால் போயிற்று. சத்தம் முதலில் கரகரத்தது. அதன் பிறகு இரும்பு இரும்பில் உரசுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அதன் பிறகு சத்தம் இல்லை. சத்தம் இல்லாமல் ஒரு விமானம் இறங்கிவருவதை நான் அதுவரை பார்த்ததில்லை. கரைக்கு மூன்று கூப்பிடு தூரத்தில் அது மூக்கால் தண்ணீரில் குத்தியது.

கட்டுமரங்கள் உடனே போயின. அரைமணிக்குள் மொந்தேரோவைக் கொண்டுவந்தார்கள். நினைவு தப்பியிருந்தார், தொடை எலும்பு முறிந்திருந்தது, உயிர் இருந்தது. சிலுவைதாசனைக் காணவில்லை. அன்று இருட்டும்வரையும் மறுநாள் முழுவதும் முப்பது மரங்கள் தேடின.

26-ம் தேதி கரைவலை இழுக்கும் வடத்தைக் கட்டி, ஏறக்குறைய ஐம்பது பேர் சேர்ந்து விமானத்தின் முன்பாதியைக் கரைக்கு இழுத்தார்கள். முன் இருக்கையில் யாரும் இல்லை. பெல்ட் கழற்றப்பட்டிருந்தது. அறுபடவில்லை, கிழியவில்லை. நான் காட்டிக் கொடுத்தபடியே கொக்கியைத் தூக்கி ஒழுங்காகக் கழற்றியிருந்தது. அதைக் கண்டவுடன் சூசம்மாள், நீந்தத் தெரிந்தவர், எங்காவது கரையேறியிருப்பார் என்று சொல்லி, மேற்கே பள்ளம் என்ற ஊர்வரையும் கிழக்கே கோவளம்வரையும் கரையோரமாக நடந்து போய் வந்தாள். இப்படி ஒன்பது நாள் நடந்தாள் என்று ஊரில் சொன்னார்கள்.

28-ம் தேதி போலீஸ் உத்தரவுப்படி நான் அந்த எஞ்சினைப் பிரித்தேன். ஹெட் கான்ஸ்டபிள் கோலப்பன் பிள்ளை உடன் இருந்தார். அடிப்பெட்டியில் எண்ணெய் ஒரு கரண்டிகூட இல்லை, கடல்தண்ணீர் மட்டும் இருந்தது. நாலாம் பிஸ்டனின் தண்டு சூட்டில் நீலம் பாரித்து இறுகிப் பிடித்திருந்தது. காற்றாடித் தண்டு வெளியே வரும் இடத்தில் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் வளையம் உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் பிதுங்கிக் கிடந்தது. உள்ளே காற்று பெருகினால்தான் அந்த வளையம் அப்படி வெளியே தள்ளும். நான் மூச்சுக் குழாயில் விரலை விட்டேன். முதல் மடிப்புக்கூடப் போகவில்லை.

அந்த நேரம் கோலப்பன் பிள்ளை தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். நான் குழாயைக் கழற்றி, உட்பக்கத்திலிருந்து ஒரு குச்சியால் தள்ளினேன். அடைப்பு முழுதாக வெளியே வந்தது. தேங்காய் நாரை முறுக்கி அடித்து இறக்கி, வெளிமுனையில் குங்கிலியமும் எண்ணெயும் குழைத்துப் பூசியிருந்தது. வள்ளத்தில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே தண்ணீர் ஏறாமல் இருக்க மீன்பிடிக்காரர்கள் அடைப்பது அப்படித்தான். நல்ல கைவேலை. குழாயின் முனை காற்றடிபட்டுக் குளிர்ந்தே இருந்ததால் குங்கிலியம் உருகவில்லை. அதன்மேல் ஒரு பெருவிரல் அழுத்திய அடையாளம் ரேகையோடு பதிந்திருந்தது.

நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கோலப்பன் பிள்ளை வந்து, "வல்லதும் கெடச்சாடே?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல" என்றேன்.

அப்போது கரையில் சிலுவைதாசனைப் பற்றி ஒரு பேச்சு எழுந்திருந்தது. மொந்தேரோவுக்கு நினைவு திரும்பியதும் அவர் ஆஸ்பத்திரியில் சொன்ன பேச்சு அது. தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கியதும், பெல்ட்டைக் கழற்றக் கை வராமல் போனதும், யாரோ ஒருவர் முன்பக்கத்திலிருந்து நீந்தி வந்து தன் நெஞ்சுக்கு நேரே கொக்கியைத் தூக்கிவிட்டதும் மட்டும் அவருக்கு நினைவு இருந்தது. சிலுவைதாசன் அந்நியன் ஒருவனைக் காப்பாற்றிவிட்டுத் தான் போனார் என்று கோயிலில் சாமியார் பிரசங்கம் செய்தாராம். இந்த நேரத்தில் அடைப்பைக் காட்டினால் செத்தவர்மேல் பழி விழும், ஆகவே மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் அடைப்பைக் காட்டினால், ஏன் அடைத்தார் என்று கேட்பார்கள், அப்போது என் "ம்" வெளியே வரும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே மீனம் 2-ம் தேதி போலீசில், ரிங் தேய்ந்திருந்தது, எண்ணெய் குறையும் என்று பைலட்டிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன் என்று மட்டும் சொன்னேன். அதன்பேரில் அஜாக்கிரதையாக ஓட்டி மரணம் விளைவித்ததாக மொந்தேரோமேல் வழக்குப் பதிவாயிற்று.

அதன் பிறகு என் வேலை கெட்டது. ஒர்க்ஷாப்பில் இருக்கும்போது மேலே விமானச் சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்து பார்ப்பேன். உடன் வேலை செய்பவர்கள் தங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்பார்கள். அது பறக்கிற சத்தமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. சத்தம் நிற்கிற அந்த நேரம்தான் எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது. எண்ணெய் ஒழுகுகிறது என்று ஒரு பஸ் வந்தபோது, அதன் மூச்சுக் குழாய்க்குள் விரலை விட என்னால் முடியவில்லை. வேறு ஆளை விட்டுப் பார்க்கச் சொன்னேன். டப்பாவை வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். மூடியிருந்தும் குங்கிலிய வாசனை வந்தது. என் மனைவி ராஜபாய், "யாரு வீட்டுல குங்கிலியம் போடுகாவ, சாவு வல்லதும் உண்டா?" என்று இரண்டு மூன்று நாள் கேட்டாள். யார் எதைக் கேட்டாலும் நான் "ம்" சொல்வதை விட்டேன். உப்பு போதுமா என்றால் போதும் என்பேன், விளக்கை அணைக்கட்டுமா என்றால் அணை என்பேன். அதையும் அவள் கவனித்தாள். ஒருநாள் சோறு போடும்போது, "ஒங்களுக்கு என்னமோ ஆயிட்டு. எங்கிட்ட சொல்லாண்டாம். ஆனா யாருட்ட சொல்லணுமோ அவியகிட்ட சொல்லுங்க" என்றாள்.

மீனம் 15-ம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போய் மொந்தேரோவைப் பார்த்தேன். வழக்கில் எதிர்வாதம் செய்யப் போவதில்லை என்று அவர் சொன்னார். நீ பதினைந்து நிமிஷம் என்றாய், கடல்மேல் தூரம் வேண்டாம் என்றாய், அந்த மனிதன் கையை நீட்டி நீட்டிக் காட்டினான், அவன் காட்டிய இடம்வரை நான் போனேன், குற்றம் என்னுடையது என்றார். பாறைத் திட்டைக் கண்டாரா என்று கேட்டேன். கண்டான், எழுந்து நிற்கப் பார்த்தான், பெல்ட் இழுத்துக்கொண்டது என்றார். நான் அங்கே அதற்குமேல் இருக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகு, உயிர்த்த ஞாயிறு கழிந்த மறுநாள், அதாவது மீனம் 20-ம் தேதி பகலில், நான் டப்பாவை எடுத்துக்கொண்டு மணக்குடிக்குப் போனேன். சூசம்மாள் வீட்டு முற்றத்தில் நின்றாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள், "மேஸ்திரி வருவீயண்ணு தெரியும்" என்றாள்.

நான் சொல்லத் தொடங்கினேன். அவள் என்னை நிறுத்தி, அவளே சொன்னாள். விமானம் விழுந்த அன்று வெளுப்பதற்கு முன்னால் சிலுவைதாசன் வீட்டுக்கு வந்து, வள்ளத்துக்கு வைத்திருந்த குங்கிலியத்தை எடுத்துக் குழைத்தாராம். எதற்கு என்று அவள் கேட்டாளாம். "மேஸ்திரி நாலு நாளா ஒழுக்க நோக்கி நோக்கிச் சங்கடப்படுகாரு. ஓட்டைய நான் கண்டேன். அடைச்சா தீந்துதாண்ணு கேட்டேன், ம்-ண்ணாரு. காலையில வரும்போ அவரு காணட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவர் சொன்னதை அவள் சொன்னபடி அப்படியே சொல்லியிருக்கிறேன்.

இதை ஏன் போலீசில் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு அவள், "நான் எழுத்து அறியாதவ. நான் மட்டும் சொன்னா, வள்ளக்காரன் வேல அறியாம அடைச்சான், விமானம் உளுந்துண்ணு எழுதிட்டுப் போயிருவாவ. ஒங்கள வெசனப்படுத்தாண்டாம்ணு செஞ்ச வேலையில்லா அது. அத நீங்கதான் சொல்ல ஒக்கும்" என்றாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டுவாள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

நான் டப்பாவைத் திறந்து கொடுத்தேன். அவள் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பெருவிரல் பதிவில் குறுக்கே ஒரு கோடு இருக்கிறது, இப்போதும் பார்க்கலாம். தூண்டில் முள் ஏறி அறுந்த தழும்பு என்று சொன்னாள். அதைத் தன் கையில் வெகுநேரம் வைத்திருந்தாள். அதன் பிறகு என்னிடம் திருப்பித் தந்து, கச்சேரியில் காட்ட வேண்டும் அல்லவா, கொண்டுபோங்கள் என்றாள்.

அவள் கேட்டுக்கொண்டது ஒன்று உண்டு. உடல் கிடைக்காததால் அவருக்குக் கல்லறை வைக்கவில்லை. வழக்கு முடிந்ததும் இந்த அடைப்பைத் தனக்குத் தர வேண்டும் என்றும், கோயில் தோட்டத்தில் அவர் தகப்பனுக்குப் பக்கத்தில் இதை வைத்து அடக்கம் செய்ய வேண்டும் என்றும் சொன்னாள். அதைக் கனம் கச்சேரியில் விண்ணப்பமாக வைக்கிறேன்.

மொந்தேரோ தூரம் போனதால் விமானம் விழவில்லை. இந்த அடைப்பு இருந்தால் கோயிலுக்கு மேலே சுற்றினாலும் விழுந்திருக்கும். சிலுவைதாசன் அடைத்தது என்னிடம் கேட்டு, நான் வேண்டாம் என்று சொல்லாததால். மணலில் கறை இல்லாததைக் கண்டும் குனிந்து பார்க்காதது நான். சாட்சிப் பொருளை மறைத்ததும் நான்.

எழுத்தர் முழுவதையும் வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது இதுவே. யாரும் பயமுறுத்தியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை. இதில் கூட்டவோ குறைக்கவோ எனக்கு ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) ஆ. சத்தியராஜ்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்) மாஜிஸ்திரேட்

கோப்பின் கடைசிப் பக்கக் குறிப்பு, 1109 இடவம் 29:

மொந்தேரோமேல் இருந்த வழக்கு தள்ளுபடி. சாட்சிப் பொருளை மறைத்த குற்றத்துக்கு சத்தியராஜுக்கு ஒரு மாதம் வெறுங்காவல் விதிக்கப்பட்டு, அனுபவித்து விடுதலையானார். நாரும் குங்கிலியமும் சேர்ந்த அடைப்பு ஒன்று, தகர டப்பாவுடன், மணக்குடி சிலுவைதாசன் விதவை சூசம்மாளிடம் இன்று ஒப்படைக்கப்பட்டது. எழுதத் தெரியாதவராகையால், பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக அவருடைய இடது பெருவிரல் ரேகை கீழே வாங்கப்பட்டிருக்கிறது.